டேர்டெவில் முதல் சீசன்: காதால் பார்த்த வரிசை

மார்வெல் சூப்பர் ஹீரோவை வைத்து நெட்ஃபிளிக்ஸில் வந்த தொடர் டேர்டெவில். அதன் முதல் சீசனில் மொத்தம் 13 அத்தியாயங்கள். 2015 ஏப்ரல் 10 அன்று எல்லாமே ஒரே நாளில் வெளிவந்தன. நாங்கள் பார்க்க ஆரம்பித்தது 2016-இல் நெட்ஃபிளிக்ஸ் இந்தியாவுக்கு வந்த பிறகு. 2022-இல் தொடர் டிஸ்னி பக்கம் போய்விட்டது. நாங்களும் பின்னாலேயே போனோம். இத்தனை வருடமாகத் திரும்பத் திரும்பப் பார்த்ததில் எது தாங்கியது, எது தேய்ந்தது என்று இப்போது என்னால் தைரியமாகச் சொல்ல முடியும். கதையின் முடிச்சுகள் எல்லாம் கீழே வருகின்றன. பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

நாங்கள் என்றால் நானும் என் பெரியப்பா மகன் அண்ணனும். பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை எங்கள் ஊர். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் பாதி மலையாளம், கல்யாணத்துக்குத் துணி எடுக்கப் பொள்ளாச்சி. சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ் படித்து, இப்போது வாத்தியாராக இருக்கிறார் அண்ணன். சின்ன வயதிலேயே பார்வை போய்விட்டது. கண் தெரியாத வக்கீல் ஒருவன் ராத்திரியில் முகமூடி போட்டுக்கொண்டு அடிதடிக்குப் போகிறான் என்று நான் சொன்னதும், "அப்ப போடு, கேட்கலாம்" என்றார். அப்படித்தான் ஆரம்பித்தது.

ஆகவே என் வரிசைக்கு ஓர் அளவுகோல் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் அத்தியாயம் நிற்க வேண்டும். இந்தத் தொடரைப் பொறுத்தவரை இதைவிட நியாயமான அளவுகோல் இல்லை என்பேன். இதயத் துடிப்பைக் கேட்டே எதிராளி பொய் சொல்கிறானா என்று கண்டுபிடிக்கும் நாயகனின் கதை இது. அதன் ஒலி வேலையில் அவ்வளவு உழைப்பு இருக்கிறது.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். தொடர் வெளியானபோது அதில் காட்சி விவரிப்பு ஒலித்தடம் இல்லை. பார்வையற்றவன் நாயகனாக இருக்கும் தொடரைப் பார்வையற்றவர்கள் தொடர முடியவில்லையே என்று குரல் எழுந்தது. சில நாட்களிலேயே, ஏப்ரல் 14 அன்று, நெட்ஃபிளிக்ஸ் அந்த வசதியை அறிவித்தது. அவர்கள் அதைத் தொடங்கியதே டேர்டெவிலில்தான். வசனத்துக்கு இடையில் கிடைக்கும் இடைவெளியில் யார் எங்கே நிற்கிறார், கையில் என்ன இருக்கிறது என்று ஒரு குரல் சொல்லிக்கொண்டே போகும். அண்ணனுக்கு அது பெரிய உதவி. ஆனாலும் முக்கியமான இடங்களில் அதை நிறுத்திவிட்டு என்னைத் தமிழில் சொல்லச் சொல்வார். சண்டையை நான் சொல்வது அவருக்குப் பிடிக்கும்.

எங்கள் முதலிடம் எட்டாவது அத்தியாயமான 'ஷேடோஸ் இன் த கிளாஸ்'. நாயகன் மேட் மர்டாக்கை ஓரமாக வைத்துவிட்டு வில்லன் வில்சன் ஃபிஸ்க்கின் வீட்டுக்குள் நம்மைக் கூட்டிக்கொண்டு போகும் அத்தியாயம் இது. காலையில் கெட்ட கனவிலிருந்து எழுகிறான். சமையலறையில் நிதானமாக ஆம்லெட் போடுகிறான். வரிசையாகத் தொங்கும் கோட்டுகளில் கறுப்பாக ஒன்றை எடுத்து மாட்டுகிறான். பெட்டியைத் திறந்து சட்டைக் கைப் பொத்தான்களைத் தேர்ந்தெடுக்கிறான். கண்ணாடியில் பார்த்தால், முகமெல்லாம் ரத்தம் தெறித்த ஒரு சிறுவன் நிற்கிறான். இதே காலைப்பொழுது அத்தியாயத்துக்குள் மறுபடி வருகிறது. கடைசியில் அவன் காதலி வனெஸ்ஸா அந்த வீட்டில் இருக்கிறாள். வேறு நிறக் கோட்டையும் வேறு பொத்தான்களையும் அவள் எடுத்துக் கொடுக்கிறாள். அன்றைக்குத்தான் கண்ணாடியில் அவன் முகமே தெரிகிறது.

இதை முதல் தடவை கேட்டபோது அண்ணன் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "முட்டை உடைக்கிற சத்தத்தைக் கேளு. பயப்படறவன் உடைக்கிற மாதிரி இருக்கு" என்றார். அடுத்த காட்சியில் காரணம் வந்துவிட்டது. தேர்தலில் தோற்ற அப்பா, பையனைச் சுவரைப் பார்த்து உட்கார வைக்கிறார். பக்கத்து அறையில் அம்மாவைப் பெல்ட்டால் அடிக்கிறார். பையன் பார்ப்பது சுவரை மட்டும்தான். நடப்பது எல்லாம் அவன் காதில் விழுகிறது. பிறகு அவன் சுத்தியலை எடுக்கிறான். கண் தெரியும் ஒருவனை இப்படிக் காதால் மட்டும் துன்பப்பட வைத்து, அதன் பிறகு அவனைக் கண் தெரியாதவனுக்கு எதிரியாக நிறுத்தியிருக்கிறார்கள். இந்த சீசனை எழுதியவர்கள் மேல் எனக்கு மரியாதை வந்தது இந்த இடத்தில்தான்.

இதே அத்தியாயத்தில் ஃபிஸ்க்கின் குற்றக் கூட்டாளியான கிழவி மேடம் காவ் அவன் வீடு தேடி வருவாள். அதுவரை அவள் சீன மொழியில் மட்டுமே பேசுகிறவள், ஃபிஸ்க்கின் உதவியாளன் வெஸ்லிதான் மொழிபெயர்ப்பான். இங்கே திடீரென்று அழுத்தமான ஆங்கிலத்தில் பேசத் தொடங்குகிறாள். படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் அது ஒரு சின்ன ஆச்சரியம். கேட்டுக்கொண்டிருந்த அண்ணனோ நிமிர்ந்து உட்கார்ந்து, "யாருடா இது புதுசா?" என்றார். இத்தனை நாள் எல்லாவற்றையும் புரிந்துகொண்டுதான் சும்மா இருந்தாள் என்பது அந்த ஒரு நொடியில் உறைக்கிறது.

ஃபிஸ்க்காக நடித்த வின்சென்ட் டி'ஓனோஃப்ரியோவின் குரலைப் பற்றித் தனியாகவே எழுதலாம். ஃபிஸ்க் பேசுவதற்கு முன் மூச்சு கேட்கும். சொல் தொண்டையில் கொஞ்ச நேரம் மாட்டிக்கொண்டு நிற்கும். வாக்கியம் நடுவில் அறுந்து வேறு பக்கம் போகும். கூச்சப்படுகிறவன் பேசுவது போலவே இருக்கும். நான்காவது அத்தியாயக் கடைசியில் அதே ஆள் ரஷ்யக் கும்பலைச் சேர்ந்த அனடோலியின் தலையைக் கார்க் கதவுக்குள் வைத்து அடித்து நசுக்குவான். அந்தச் சத்தத்தை நான் இப்போதும் ஒலியைக் குறைத்துத்தான் கடக்கிறேன்.

இரண்டாமிடத்துக்கு 'கண்டெம்ட்', ஆறாவது அத்தியாயம். பலர் இதைக் கண்டுகொள்வதே இல்லை. போலீஸ் சுற்றி வளைத்த ஒரு பாழடைந்த கட்டடம். உள்ளே மேட்டும், குண்டு பாய்ந்து கிடக்கும் அனடோலியின் அண்ணன் தம்பி உறவான ரஷ்யன் விளாடிமிரும். ரத்தத்தை நிறுத்த என்ன செய்ய வேண்டும் என்று செவிலியர் கிளேர் போனில் சொல்லச் சொல்ல, எரியும் தீவட்டிக் குச்சியை எடுத்துக் காயத்தில் வைத்துச் சுடுகிறான் மேட். அப்புறம் வாக்கி டாக்கியில் ஃபிஸ்க்கின் குரல் வருகிறது. சீசனின் இரு துருவங்கள் முதல்முறை சந்திப்பது இப்படிக் குரலும் குரலுமாகத்தான். முகம் பார்க்காத சந்திப்பு. நமக்கும் மேட்டுக்கும் அண்ணனுக்கும் கிடைப்பது ஒன்றேதான். மூவரும் அந்தக் கரகரப்புக்குள் காதைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

மூன்றாவதாக 'கட் மேன்'. இரண்டாவது அத்தியாயம், எல்லோருடைய பட்டியலிலும் முதலில் நிற்கிற அத்தியாயம். கடத்தப்பட்ட சிறுவனை மீட்க மேட் தனியாகப் போகும் அந்த நடைபாதைச் சண்டைக்காகத்தான் அந்தப் புகழ். வெட்டே இல்லாமல் ஒரே ஷாட் போல ஓடும். இயக்கியவர் ஃபில் ஆபிரகாம், சண்டை அமைத்தவர் ஃபிலிப் சில்வேரா. கேமராவின் நிதானத்தை எல்லோரும் பாராட்டிவிட்டார்கள். எனக்குப் பிடித்தது வேறு. சண்டையில் பாதி நம் கண்ணுக்குத் தெரியாது. மேட் அறைக்குள் போய்விடுவான், கேமரா நடைபாதையிலேயே நிற்கும். உள்ளேயிருந்து அடியும் முனகலும் மட்டும் வரும். திடீரென்று ஒரு மைக்ரோவேவ் அடுப்பு கதவு வழியாகப் பறந்து வந்து ஓர் ஆள் மேல் விழும். அப்போது பார்க்கிற நானும் கேட்கிற அண்ணனும் ஒரே நிலையில் இருக்கிறோம். என் நேர்முக வர்ணனை அங்கே தேவையே இல்லை. பிறகு மேட் சோர்ந்துபோய்ச் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்குவான். அடித்த ஆளும் களைத்திருக்கிறான், அடி வாங்கியவர்களும் எழுந்து எழுந்து விழுகிறார்கள். சூப்பர் ஹீரோ சண்டையில் களைப்பு இவ்வளவு தெளிவாகக் கேட்டது எனக்கு இதில்தான். பக்கத்து வீட்டுச் சேட்டன் ஒருநாள் எங்களோடு உட்கார்ந்து இதைப் பார்த்தார். அடுத்த வாரம் மகனையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். பையன் சின்னவன் என்பதால் வேறு ஏதோ போட்டு அனுப்பினோம். சிறுவர்களுக்கு இந்தத் தொடர் வேண்டவே வேண்டாம்.

பத்தாவது அத்தியாயம் 'நெல்சன் வெர்சஸ் மர்டாக்' எனக்கு நான்காவது. இரவு போட்டால் தூக்கம் கெடும் அத்தியாயம். நண்பன்தான் அந்த முகமூடி என்று மேட்டோடு சேர்ந்து வக்கீல் தொழில் பார்க்கும் ஃபாகிக்குத் தெரிந்துவிட்டது. மேட் உடம்பெல்லாம் தையலோடு கிடக்கிறான். இரண்டு பேரும் ஓர் அறைக்குள் பேசுகிறார்கள், நடுநடுவே கல்லூரிக் கால நினைவுகள். நான் பொய் சொன்னபோதெல்லாம் உனக்குத் தெரிந்திருக்கிறது, தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்திருக்கிறாய் என்பதுதான் ஃபாகியின் வலி. அதுவரை திறமையாகத் தெரிந்த அந்தக் காது இங்கே திருட்டாகத் தெரிகிறது. ஃபாகியாக நடித்த எல்டன் ஹென்சன் அழுகையை அடக்கிக்கொண்டு கோபப்படுவதை அண்ணன் எத்தனை தடவை கேட்டாலும் ஒன்றும் பேசமாட்டார். முடிந்ததும் டீ போடச் சொல்வார்.

பதினொன்றாவதில் வெஸ்லி மேசை மேல் துப்பாக்கியை வைத்துவிட்டு, மேட்டின் அலுவலகத்தில் வேலை பார்க்கும் கேரனிடம் மெதுவாகப் பேசும் காட்சி ஒன்று போதும். அவன் குரல் கடைசிவரை உயராது. போன் அடிக்கிறது, அவன் கவனம் ஒரு கணம் அங்கே போகிறது, துப்பாக்கி அவள் கைக்கு வந்துவிடுகிறது. அத்தியாயத்தின் மற்ற பகுதிகள் சுமார். மூன்றாவதில் ஃபிஸ்க் முழு வெள்ளை ஓவியத்தின் முன் நின்று, பார்த்தால் தனிமையாக உணர்கிறேன் என்று வனெஸ்ஸாவிடம் சொல்லும் முடிவு அருமை. ஒன்பதாவதில் ருவாண்டாப் படுகொலைக் காலத்துக் கதை ஒன்றைப் பாதிரியார் மேட்டுக்குச் சொல்வார். ஃபிஸ்க்கின் ஜப்பானியக் கூட்டாளி நோபுவோடு நடக்கும் சண்டையைவிட எனக்கு அந்தக் கதைதான் பெரிது.

தேய்ந்தவை என்றால் ஐந்தாவதும் பதின்மூன்றாவதும். ஐந்தில் கதை நகர்கிறது, அவ்வளவுதான். பதின்மூன்றில் போலீஸ் வண்டிக்குள் ஃபிஸ்க் நல்ல சமாரியன் கதையைச் சொல்லி, நான் அந்தச் சமாரியன் அல்ல என்று முடிக்கும் இடம் தங்கம். அதன் பிறகு சிவப்பு உடையில் வரும் கடைசிச் சண்டை அவசரமாக முடிகிறது. பன்னிரண்டு மணி நேரமாகக் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு அடி வாங்கியவனை இந்தக் கவசம் கொஞ்சம் தூரமாக்கிவிடுகிறது.

பார்க்கும் முறை பற்றி இரண்டு வார்த்தை. படம் மிக இருட்டு. பகலில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தால் பாதிக் காட்சி கறுப்பாகவே போகும். ஒலிக்கும் அமைதி வேண்டும். எங்கள் பக்கம் கார்த்திகை மாதம் கணவாய் வழியாக விருச்சிகக் காற்று அடிக்கத் தொடங்கினால் பனைமரங்கள் ராத்திரி முழுக்கச் சடசடக்கும். ஃபிஸ்க் முணுமுணுப்பது ஒன்றும் கேட்காது. அந்த மாதங்களில் ஹெட்போன் இல்லாமல் நாங்கள் தொடுவதில்லை. அப்புறம், ரஷ்ய, சீன, ஜப்பானிய வசனங்களுக்குத் திரையில் எழுத்து மட்டும்தான் வரும். அவற்றை நான் அண்ணனுக்குத் தமிழில் படித்துச் சொல்கிறேன். நானே நிறுத்தி நிதானமாகப் படிப்பதால் விளாடிமிர், அனடோலி சகோதரப் பாசம் இரண்டு பேருக்கும் நன்றாக மனதில் பதிந்தது.

ஏழாவது அத்தியாயமான 'ஸ்டிக்' பற்றி எங்களுக்குள் இன்னும் வழக்கு ஓடுகிறது. மேட்டுக்குப் பயிற்சி கொடுத்த கண் தெரியாத கிழவன் ஸ்டிக் திரும்பி வரும் அத்தியாயம். ஸ்காட் க்ளென் பிரமாதமாகச் செய்திருக்கிறார். ஆனால் பிளாக் ஸ்கை என்று ஒரு மர்ம ஆயுதத்தைச் சொல்லி நடுவில் நுழையும் விவகாரம் இந்த சீசனோடு ஒட்டவே இல்லை. அதனால் என் வரிசையில் இது பத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. அண்ணனுக்கு இதுதான் இரண்டாவது. ஸ்டிக் பையனுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்து, நாக்கில் படுவது என்னவெல்லாம் என்று சொல்லச் சொல்லும் காட்சியை அவர் திரும்பத் திரும்பப் போடச் சொல்வார். அந்த ஐஸ்கிரீம் உறையில் பையன் கைக்கு ஒரு வளையம் செய்து கொடுக்கிறான். கிழவன் அதோடு அவனை விட்டுவிட்டுப் போய்விடுகிறான். கல் மனசு என்றேன் நான். "பாவம்னு சொல்லாம, உன்னால முடியும்னு ஒருத்தன் அந்தப் பையன்கிட்டச் சொன்னானே, அதைப் பாரு" என்றார் அண்ணன். கிழவன் அந்த உறை வளையத்தை அத்தனை வருடமும் பத்திரமாக வைத்திருந்தான் என்பது கடைசியில் தெரியவரும். அதையும் அவர் பக்கத்துச் சாட்சியாகச் சேர்த்துக்கொண்டார். பிளாக் ஸ்கைக்கு மட்டும் அவரிடம் இன்னும் பதில் இல்லை.