மேடைக் குரலுக்குப் பத்து ஞாயிறு: கோவைப் பயிற்சி வகுப்பு ஒன்றைப் பற்றி

பள்ளி ஆண்டு விழாக்களுக்கு இசை நாடகம் பழக்குவது என் வேலையின் ஒரு பகுதியாகப் பதினைந்து ஆண்டுகளாக இருந்து வருகிறது. பிள்ளைகளைப் பாட வைத்து, கடைசி ஒத்திகைக்குள் பாதிப் பேருக்குத் தொண்டை கட்டிப்போவதைப் பார்த்துப் பார்த்துச் சலித்த பிறகுதான், கோவையில் மேடை நாடகப் பாட்டுக்கென்று நடக்கும் பயிற்சி வகுப்பு ஒன்றில் நானே மாணவனாகச் சேர்ந்தேன். பத்து ஞாயிற்றுக்கிழமைகள், ஒவ்வொன்றும் இரண்டரை மணி நேரம், கட்டணம் 12,000 ரூபாய். ஈரோட்டிலிருந்து ரயிலில் போய்வந்த செலவு தனி. குறைகளையும் சொல்லப் போவதால் நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஒரே பாட்டுக்காரர் ஒரே குரலில் எல்லா வகை நாடகத்தையும் பாடிவிட முடியாது என்பதை இந்த வகுப்பு முதல் நாளே காதால் கேட்கும்படி காட்டிவிடுகிறது. மேற்கத்திய இசை நாடகத்தில் பழைய காலத்துச் செவ்வியல் சாயல் கொண்ட பாட்டுமுறையை ‘லெஜிட்’ என்கிறார்கள். அதில் குரல்வளை சற்றே தாழ்ந்திருக்கும், உயிரெழுத்துகள் உருண்டு ஒலிக்கும், நீண்ட சுரங்களில் அதிர்வு இடைவிடாமல் ஓடும். ‘பெல்ட்’ இதற்கு நேரெதிர். பேசும் குரலின் தன்மையை உயர்ந்த சுரங்களுக்கும் விடாமல் கொண்டுபோவது அது. குரல்வளை சற்று மேலேறும், வாய் அகலத் திறக்கும், ஒவ்வோர் அதிர்விலும் குரல்நாண்கள் திறந்திருப்பதைவிட மூடியிருக்கும் நேரம் அதிகம். சுரம் நேராகத் தொடங்கி, அதிர்வு இறுதியில்தான் வரும். இரண்டுக்கும் நடுவில் ‘மிக்ஸ்’. இன்றைய மேடைகளில் பெரும்பாலும் கேட்பது இதுவே. அமெரிக்கக் குரல் ஆய்வாளர் ஜோ எஸ்டில் வகுத்த முறையில் பேச்சு, கள்ளக்குரல், விம்மல், ட்வாங் (கூர்மையான ஓசை), ஆப்ரா, பெல்ட் என்று குரல் தன்மைகள் ஆறு உண்டு. அவற்றை ஆசிரியர் தாமே ஒவ்வொன்றாக, ஒரே வரியை ஆறு விதமாகப் பாடிக் காட்டிய அரைமணி நேரத்துக்கே கட்டணத்தில் பாதி தகும்.

பெல்ட் எனக்குப் பிடிபட்ட விதத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு கட்டை சுருதியில் மேல் ஸ்தாயிப் பஞ்சமத்தைத் தொட முயலும்போதெல்லாம் நான் மூச்சை நெஞ்சு முட்ட இழுத்துக்கொண்டு மோதுவேன், குரல் கம்மிப்போகும். ஆசிரியர் அதற்குச் சொன்ன மருந்து, மூச்சைக் குறைப்பது. மூடிக்கொண்டிருக்கும் குரல்நாண்களுக்குக் கீழே அளவுக்கு மீறிக் காற்றை அடைத்தால் தொண்டை இறுகத்தானே செய்யும். பிறகு, தொலைவில் நிற்கும் ஒருவரைக் கூப்பிடுவதுபோல ஒரு சொல்லைச் சொல்லச் சொன்னார். ஆங்கிலச் சொல் ஒன்றைப் பலரும் தயங்கித் தயங்கிச் சொல்லிக்கொண்டிருக்க, என் வாயில் தானாக வந்தது “ஏனுங்கோவ்” என்பதுதான். தோட்டத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடியில் மடை திருப்புகிறவரை அழைத்துப் பழகிய அழைப்பு அது. வகுப்பே சிரித்தது. ஆனால் ஆசிரியர் சிரிக்காமல், “சார், அதேதான், அப்படியே பிடிச்சுக்கோங்க” என்று பியானோவில் அந்தச் சுரத்தைத் தட்டினார். அது நான் அதுவரை எட்டாத பஞ்சமம். முன்னே வந்து நிற்கும் ஏகாரமும் மூக்கில் அதிரும் ஙகரமும், ‘ட்வாங்’ என்று அவர்கள் பழக்க விரும்பும் அந்தக் கூர்மையைத் தாமாகவே கொண்டுவந்துவிடுகின்றன.

கொங்கு நாட்டுக் கதைப்பாட்டான அண்ணமார் கதைக்கு உடுக்கை அடித்து விடிய விடியப் பாடிய என் அப்பாருக்கு (தாத்தாவுக்கு) மறுநாளும் குரல் உடையாமல் இருந்தது எப்படி என்பது எனக்கு நெடுநாள் புதிராகவே இருந்தது. அன்றைக்கு அதில் பாதி அவிழ்ந்தது. மீதிப் பாதிக்குக் காரணம் அவர் குடித்த சுக்குக் காப்பி என்றே என் அம்மா இன்றும் நம்புகிறார்.

தொண்டையைத் தயார்செய்யும் பயிற்சிகளும் பயனுள்ளவை. தண்ணீர்ப் பாட்டிலில் உறிஞ்சுகுழலை விட்டு, குமிழி வர ஊதிக்கொண்டே சுரத்தில் ஏறி இறங்குவது பார்க்கச் சிறுபிள்ளை விளையாட்டாகத் தோன்றும். வாய்ப்பக்கம் காற்று ஓரளவு தடைபடுவதால் குரல்நாண்கள் கடுமையாக மோதாமல் அதிர்கின்றன. இதைப் பள்ளியில் ஒத்திகைக்கு முன் ஐந்து நிமிடம் செய்ய வைக்கிறேன், இந்த ஆண்டு தொண்டை கட்டிய பிள்ளை ஒன்றே ஒன்று.

இனிக் குறைகள். மிகப் பெரியது மொழி. உயர்ந்த சுரத்தில் உயிரெழுத்தை ஆகாரமாக அகட்டு என்பது பெல்ட்டின் அடிப்படைப் பாடம், ஆங்கிலத்துக்கு அது பொருந்தும். தமிழில் குறிலை அகட்டி நீட்டினால் சொல்லே மாறிவிடும். ஆறாம் வாரம் நான் பாடிய வரியில் ‘மலை’ என்பது ‘மாலை’ ஆனது, பக்கத்திலிருந்தவர் பாடிய ‘கல்’ ‘கால்’ ஆனது. ஆசிரியர் ஓசை மிக நன்றாக இருக்கிறது என்று பாராட்டினார். நம் நாடக மேடையில் பாடியவர்கள் இதற்கு வழி வைத்திருக்கிறார்கள். ‘மலையிலே’ என்றால் குறில்களை விரைந்து கடந்து ‘லே’யில் போய் நிற்பார்கள், நெடில் இல்லாத இடத்தில் மெல்லின ஒற்றில் ஓசையைத் தாங்குவார்கள். இதை நான் எடுத்துச் சொன்னபோது ஆசிரியர் மறுக்கவில்லை, குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். ஆனால் அடுத்த நான்கு வாரங்களிலும் பாடத்தில் மாற்றம் எதுவும் இல்லை. அச்சிட்டுக் கொடுத்த பாடக் குறிப்புகளும் முழுக்க ஆங்கிலமே.

இரண்டாவது குறை, வரலாற்றுக்கென்று ஒதுக்கிய வகுப்பு நியூயார்க்கில் தொடங்கி நியூயார்க்கிலேயே முடிந்தது. ஒலிபெருக்கி இல்லாத அரங்கில் 1930-இல் பாடகி எத்தல் மெர்மன் கடைசி வரிசை வரை குரலை எட்டவைத்ததைச் சொன்னார்கள், கேட்க நன்றாகவே இருந்தது. அதே காலத்தில் அதே வேலையை நம் நாடகக் கொட்டகைகளில் செய்த கே.பி. சுந்தராம்பாள், 1908-இல் கொடுமுடியில் பிறந்தவர். வகுப்பில் இருந்த பாதிப் பேர் அந்த ஊரைத் தாண்டித்தான் கரூருக்குப் போயிருப்பார்கள். சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்களில் பாட்டே வாதமாக நடக்கும் தர்க்கப் பகுதிகளை, பாட்டு வரியை முதலில் பேச்சாகப் பேசிப் பார்க்கச் சொல்லும் இவர்களுடைய நல்ல பயிற்சியோடு சேர்த்து வைத்துப் படித்திருந்தால் அந்த வகுப்பு எவ்வளவு செறிவாக இருந்திருக்கும்!

திருப்பூரிலிருந்து வந்த கல்லூரி மாணவி ஒருவர் வள்ளியின் கதையைப் பாடியபடி ஆடும் வள்ளி கும்மிக் குழுவில் இருப்பவர். அவர் குரல் கரடுமுரடாக இருப்பதாகச் சொல்லி அதை வழவழப்பாக்கவே மூன்று வாரங்கள் செலவிட்டார்கள். அடி வைப்புக்கு நடுவே எங்கே மூச்சு வாங்குவது என்பதை அந்த அம்மிணியிடம் வகுப்பே கற்றுக்கொண்டிருக்கலாம். ஏனென்றால், ஆடிக்கொண்டே பாடும் பயிற்சி எட்டாம் வாரம் ஒரே ஒரு நாள்தான் நடந்தது, நின்ற இடத்தில் ஓடியபடி பாடிய பதினான்கு பேரில் மூச்சிரைக்காமல் முடித்தவர் அவர் ஒருவரே. தெக்கம்பட்டி பத்திரப்பனுக்கு வள்ளி ஒயில் கும்மிக்காக 2024-இல் பத்மஸ்ரீ கிடைத்த மாவட்டத்தில் இருந்துகொண்டு இதைக் கவனிக்காமல் விட்டது எனக்கு வியப்புத்தான்.

தனிக் கவனிப்பு என்று விளம்பரத்தில் போட்டிருந்தது, கிடைத்தது வாரத்துக்குப் பத்து நிமிடம். குளிரூட்டிய அறையில் தொண்டை வறண்டுபோவதைப் பலரும் சொல்லியும் குளிரூட்டியை நிறுத்தவில்லை.

ஆங்கில இசை நாடகம் பாட விரும்புகிறவர்களும், உயர்ந்த சுரத்தில் தொண்டை இறுகித் தவிக்கிறவர்களும் தயங்காமல் சேரலாம். தமிழ் நாடகப் பாட்டுக்காகச் சேர நினைப்பவர்கள், சொல்லைக் காப்பாற்றும் வேலையைத் தாமே செய்துகொள்ளத் தயாராக வர வேண்டும். இரண்டாம் நிலைப் பயிற்சிக்கு இப்போதே பணம் கட்டினால் ஆயிரம் ரூபாய் தள்ளுபடி என்றார்கள். தமிழ் வரிகளுக்கென இரண்டு ஞாயிறு ஒதுக்குவதாக இருந்தால் தள்ளுபடி இல்லாமலே கட்டுகிறேன் என்று கருத்துப் படிவத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.