81,000 கிலோமீட்டர், ஐந்து ஆடிக்காற்று: என் 125 சிசி வண்டி

நேற்று மீட்டரில் 81,400 தாண்டியது. 2021 தை மாதம் எடுத்த வண்டி. வீடு நாகர்கோவில் வடசேரியில், வேலை வள்ளியூரில் ஒரு ஹார்டுவேர் கடையில் கணக்கு எழுதுவது. போக 34 கிலோமீட்டர், வர 34. வாரத்தில் ஆறு நாள். ஊர் சுற்றவோ மலை ஏறவோ இந்த வண்டியை எடுத்ததே இல்லை. ஒரே ரோடு, ஒரே நேரம், தினமும்.

எந்த கம்பெனி என்று எழுதப்போவதில்லை. எழுதினால் பேச்சு அந்தப் பெயரிலேயே நின்றுவிடும். 125 சிசி, பிஎஸ் 6 புகை விதிக்கு ஏற்றது, பெட்ரோல் இன்ஜெக்‌ஷன், முன்னும் பின்னும் டிரம் பிரேக், எடை 118 கிலோ. இந்த ரகத்தில் நாலைந்து கம்பெனி விற்கிறது, எல்லாம் அண்ணன் தம்பி மாதிரிதான். எடுக்கும்போது மைலேஜ் பார்த்தேன், சீட் உயரம் பார்த்தேன், தவணை பார்த்தேன். எடையை மட்டும் பார்க்கவில்லை.

எங்கள் ரோட்டைத் தெரியாதவர்களுக்காக: ஒழுகினசேரி, வெள்ளமடம், தோவாளை, ஆரல்வாய்மொழி, முப்பந்தல், காவல்கிணறு, பணகுடி, வள்ளியூர். ஆரல்வாய்மொழியில் மேற்குத் தொடர்ச்சி மலை ஒரு வாசல் திறந்து வைத்திருக்கிறது. ஆனியிலும் ஆடியிலும் கேரளப் பக்கத்திலிருந்து வரும் காற்றெல்லாம் அந்த வாசல் வழியாகத்தான் இந்தப் பக்கம் இறங்கும். முப்பந்தலைச் சுற்றி ஏன் அத்தனை காற்றாலை என்று அந்த மாதத்தில் ஒருமுறை பைக்கில் போய்ப் பார்த்தால் புரியும். அங்கே நிறுவியிருக்கும் திறன் 1,500 மெகாவாட் என்பார்கள். அதில் ஒரு பங்கு என் தோளுக்கும் வருகிறது.

முதல் ஆனி மாதமே பாடம் கிடைத்தது. காலையில் போகும்போது முப்பந்தல் வரை காற்று முதுகில் கை வைத்துத் தள்ளும். ஐந்தாவது கியரில் ஆக்சிலேட்டரைத் தொட்டும் தொடாமலும் 55இல் போகும். இதுவல்லவா வண்டி என்று தோன்றும். காவல்கிணற்றில் வடக்கே திரும்பி நாலுவழிச் சாலை ஏறியதும் அதே காற்று இடது பக்கத்திலிருந்து அறையும். மகேந்திரகிரி அடிவாரத்திலிருந்து பணகுடி வரை இப்படித்தான். நேர் ரோட்டில் எல்லோரும் இடப்பக்கம் சாய்ந்தபடி போவதை வெளியூர்க்காரர் பார்த்தால் சிரிப்பார். சாயாமல் போனால் நடுத் தடுப்பில் போய் நிற்க வேண்டியதுதான்.

உண்மையான ஆபத்து சாயங்காலம் திரும்பும்போது. இப்போது காற்று வலப்பக்கம். நாமும் வலப்பக்கம் சாய்ந்து ஒரு கணக்குப் பண்ணிப் போய்க்கொண்டிருப்போம். பின்னாலிருந்து ஒரு லாரி வலப்பக்கமாக நம்மைத் தாண்டும். அது பக்கத்தில் வந்த நொடியில் காற்று நின்றுவிடும். சாய்ந்த உடம்பு சாய்ந்தபடியே இருக்க, வண்டி லாரியின் டயரை நோக்கிப் போகும். திருத்தி நிமிர்வதற்குள் லாரி தாண்டிவிடும். நின்ற காற்று மொத்தமாக வந்து இடப்பக்கம் மண் ஓரத்தில் தள்ளும். 118 கிலோ வண்டியும் 62 கிலோ நானும் அந்தக் காற்றுக்கு ஒரு பொருட்டே இல்லை. முதல் வருஷம் இரண்டு முறை தாரை விட்டு இறங்கியிருக்கிறேன். விழவில்லை, அவ்வளவுதான்.

இப்போது கண்ணாடியில் லாரி தெரிந்தவுடனே 40க்கு இறங்கி, இடது ஓரம் ஒதுங்கி, தாண்டும்வரை பொறுத்து, பிறகுதான் வேகம் பிடிப்பேன். கைப்பிடியை இறுக்கிப் பிடிக்கவே கூடாது. முழங்காலால் டேங்கை அணைத்து, கையைத் தளர்த்தி வைத்தால் வண்டி தன் வழியைத் தானே பிடிக்கும். யாரும் சொல்லித்தரவில்லை, பயம் சொல்லித்தந்தது. அதோடு, முதல் வருஷம் ஆசையாகப் போட்ட டாப் பாக்ஸை அந்த ஆடியிலேயே கழற்றினேன். பின்னால் ஒரு பாய்மரத்தைக் கட்டிக்கொண்டு போனதுபோல் இருந்தது. சாப்பாட்டுப் பாத்திரம் இப்போது முதுகுப்பையில். அங்கி மாதிரி தொங்கும் மழைக்கோட்டும் வேண்டாம், சட்டை பேண்ட் என்று இரண்டாக வருவதை வாங்குங்கள். ஹெல்மெட்டில் நெற்றிக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் அந்த மூக்கு அழகுக்கு நல்லது, முப்பந்தலில் கழுத்து சுளுக்கும். மனைவியை ஆனி, ஆடி இரண்டு மாதமும் பஸ்ஸில்தான் அனுப்புகிறேன். ஒருமுறை சேலையோடு பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து வந்தவள் இறங்கி, “இது ஒக்கி புயல் இல்லையா, இதுல தினமும் போறீங்களா?” என்றாள். எங்கள் ஊரில் காற்றென்றால் 2017க்குப் பிறகு எல்லோருக்கும் அளவுகோல் அதுதான்.

மைலேஜ் விஷயத்துக்கு வருகிறேன். கணக்கு எழுதுபவன் என்பதால் முதல் நாளிலிருந்து ஒவ்வொரு பெட்ரோலையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். தை முதல் வைகாசி வரை லிட்டருக்கு 60, 62. ஆனி பிறந்தவுடன் 53, 54. சாயங்காலம் காவல்கிணற்றிலிருந்து ஆரல்வாய்மொழி வரை எதிர்காற்றில் நாலாவது கியரே முனகும். முதல் வருஷம் ஏதோ கோளாறு என்று நினைத்து வழக்கமான மெக்கானிக்கிடம் விட்டேன். ஒரு வட்டம் ஓட்டிப் பார்த்துவிட்டு, “வண்டில ஒண்ணுமில்ல தம்பி. காத்துக்கு எதுக்க ஓட்டுனா அதுவும் மூச்சு வாங்கத்தான் செய்யும்” என்று காசு வாங்காமல் அனுப்பினார். அன்றிலிருந்து அவரிடம்தான் எல்லா வேலையும். இந்த வருஷம் வெயில் காலத்திலேயே 57, 58தான் வருகிறது. 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலால் என்று பெட்ரோல் பங்க்கில் எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள். எத்தனாலில் வெப்ப ஆற்றல் குறைவு என்பது உண்மைதான். ஆனால் 75,000 ஓடிய எஞ்சினும் அதே நேரத்தில்தான் கிழடாகியிருக்கிறது. மொத்தப் பழியையும் பெட்ரோல் தலையில் போட எனக்கு மனசு வரவில்லை.

மாற்றிய சாமான்களைச் சொல்லிவிடுகிறேன். செயின் செட் மூன்று முறை, சராசரியாக 25,000க்கு ஒன்று. பின் டயர் 27,000, 52,000, 78,000 என்று மூன்று. முன் டயர் ஒன்று. ஹேண்டில் திரும்பும் இடத்தில் இருக்கும் பேரிங், அதாவது கோன் செட், 38,000இல் போனது. ஹேண்டில் நடுவில் ஒரு பள்ளத்தில் சிக்கியதுபோல் லேசாகப் பிடித்தால் உடனே மாற்றுங்கள். பக்கக்காற்றில் அது உயிர்ப் பிரச்சினை. முன் ஃபோர்க் ஆயில் சீல் ஒருமுறை, கிளட்ச் பிளேட் ஒருமுறை. சீட் 30,000இலேயே பலகையாகிவிட்டது, கடையில் கொடுத்துப் புது ஸ்பாஞ்ச் வைத்தேன். ஏர் ஃபில்டர்தான் எங்கள் ரோட்டில் அதிகம் அடி வாங்கும். பணகுடிப் பக்கம் காற்றோடு செம்மண் தூசியும் வரும். ஆரம்பத்தில் ஒரு கடைப் பையன் கம்ப்ரஸரில் காற்றடித்துச் சுத்தம் செய்து மாட்டினான். இது எண்ணெய்ப் பதம் உள்ள காகித ஃபில்டர், காற்றடித்தால் பாழாகும். புதிதாகத்தான் போட வேண்டும். இப்போது ஒவ்வொரு ஆடி முடிந்ததும் ஒன்று மாற்றிவிடுகிறேன்.

பிரேக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2019இல் 125 சிசி வரை உள்ள புது வண்டிகளில் காம்பி பிரேக்கோ, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸோ கட்டாயமானது, அதற்கு மேலே போனால் ஏபிஎஸ்தான். என் வண்டியில் இருப்பது காம்பி பிரேக். காலால் பின் பிரேக்கை மிதித்தால் முன் பிரேக்கும் கொஞ்சம் பிடிக்கும். பின் பிரேக்கை மட்டுமே நம்பி ஓட்டும் நம் ஆட்களுக்கு இது நல்ல ஏற்பாடு. முப்பந்தல் தாண்டி ஒரு நாள் காலையில் புதரிலிருந்து மயில் ஒன்று அப்படியே நெஞ்சு உயரத்தில் குறுக்கே பறந்தது. மிதித்தேன், வண்டி கோணாமல் நின்றது; தோகை ஹெல்மெட்டில் உரசிப் போனது. பழைய வண்டியாக இருந்தால் பின்சக்கரம் இழுத்து நான் ரோட்டில் கிடந்திருப்பேன். ஆனால் ஐப்பசி மழையில் முன்னால் போகும் அந்த இணைப்புக் கேபிளில் தண்ணீர் இறங்கித் துருப்பிடித்தது. மிதித்த பிரேக் முழுசாகத் திரும்பாமல், முன்சக்கரம் லேசாகப் பிடித்தபடியே ஒரு வாரம் ஓடியிருக்கிறேன். மைலேஜ் 48க்கு விழுந்தபோதுதான் நோட்டுப் புத்தகம் காட்டிக்கொடுத்தது. டிரம்மைத் தொட்டால் கை சுட்டது. மழைக்காலத்துக்கு முன் அந்தக் கேபிளுக்கு எண்ணெய் விடச் சொல்லுங்கள், சர்வீஸில் தானாகச் செய்வார்கள் என்று இருந்துவிடாதீர்கள்.

ஒரே ஒருமுறைதான் நடுரோட்டில் கைவிட்டது. வண்டி எடுத்து மூன்றரை வருஷம் ஆனபோது, ஆடியில்தான், சாயங்காலம் ஆறரைக்கு. டீ குடிக்க முப்பந்தலில் நிறுத்தி, திரும்ப ஸ்டார்ட் பண்ணினால் சத்தமே இல்லை. கிக்கரை இருபது தடவை மிதித்தேன். பழைய கார்பரேட்டர் வண்டியென்றால் பேட்டரி செத்தாலும் கிக்கரில் உயிர் வரும். இன்ஜெக்‌ஷன் வண்டியில் பெட்ரோல் பம்புக்கே மின்சாரம் வேண்டும். பேட்டரி முழுக்க இறங்கினால் பெரும்பாலும் மிதித்துப் பயனில்லை. அதற்கு முந்தைய வாரமே காலையில் செல்ஃப் இழுவையாக இருந்தது. பார்த்தும் பார்க்காததுபோல் விட்டது என் குற்றம்.

காற்றில் வண்டி சாயாமல் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். மீன் விற்றுவிட்டுத் திரும்பும் ஒருவர், பின்னால் வெறும் ஐஸ் பெட்டி கட்டிய டிவிஎஸ் எக்ஸெல்லில் வந்து நின்றார். “என்ன தம்பி, பெட்ரோலா?” என்றார். பேட்டரி என்றேன். “ஏறி இரும். நான் சவிட்டித் தள்ளுதேன், நீரு ஹேண்டில மட்டும் பாத்துக்கிடும்.”

என் வண்டியின் பின் ஃபுட்ரெஸ்ட்டில் ஒரு காலை ஊன்றி, அந்த எதிர்காற்றில், ஆரல்வாய்மொழி மெக்கானிக் கடை வரை தள்ளிக்கொண்டே வந்தார். வேகம் 15ஐத் தாண்டவில்லை. எக்ஸெல் ஒரு முறைகூட அணையவில்லை. டீயாவது குடியுங்கள் என்றேன். வலை வேலை இருக்கிறது என்று போய்விட்டார். பிறகு பல நாள் அந்த நேரத்தில் ஐஸ் பெட்டி கட்டிய வண்டி தெரிந்தால் வேகத்தைக் குறைத்துப் பார்ப்பேன், அவர் இல்லை.

ஹெட்லைட் பற்றி ஒரு வரி: எல்இடி வெள்ளை வெளிச்சம், வறண்ட ரோட்டில் பிரமாதம், மழையில் ரோடு கறுப்பாகவே கிடக்கும். காலை ஆறேகாலுக்குத் தோவாளைப் பக்கம் போகும்போது எதிரே பூமூட்டை கட்டிய வண்டிகள் ஹை பீமில் வரிசையாக வரும். மல்லிகை வாசனை நன்றாகத்தான் இருக்கும், கண்தான் தெரியாது.

இதே ரோட்டுக்கு இதே வண்டியைத் திரும்ப எடுப்பேனா என்று கேட்கிறார்கள். 150, 160 சிசியில் 145 கிலோ வண்டி ஒன்றைக் கடை முதலாளி மகனிடம் வாங்கி ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தேன். லாரி தாண்டும்போது அசைவு குறைவு, மனசுக்கு நிம்மதி. ஆனால் பெட்ரோல் நோட்டில் 46. மாதத்துக்கு 1,700 கிலோமீட்டர் ஓடுகிறவனுக்கு அந்த வித்தியாசம் எட்டு ஒன்பது லிட்டர், ஏறத்தாழ 900 ரூபாய். வருஷத்தில் ஒன்பது மாதம் அமைதியாக இருக்கும் ரோட்டுக்காக நான் இன்னும் இந்த 118 கிலோவின் பக்கம்தான். அந்த மூன்று மாதத்துக்கு 40இல் போகும் பொறுமை இருப்பவர் மட்டும் எடுக்கலாம். இல்லாதவர் அந்தத் 900 ரூபாயைப் பார்க்கக் கூடாது. ஷோரூம் வாசலிலிருந்து செட்டிகுளம் சந்திப்பு வரை ஓட்டிப் பார்ப்பதெல்லாம் சோதனை ஓட்டமே அல்ல.

என் மைத்துனனுக்குப் பணகுடியில் வேலை கிடைத்திருக்கிறது. என்ன வண்டி எடுக்கலாம் என்று போன மாதம் கேட்டான். பதில் சொல்லாமல் சாவியைக் கொடுத்து, ஆடி பதினெட்டுக்கு மறுநாள் காலையில் ஓட்டச் சொல்லி, நான் பின்னால் உட்கார்ந்தேன். ஆரல்வாய்மொழி தாண்டும்வரை நன்றாகப் பேசிக்கொண்டு வந்தான். முப்பந்தல் இசக்கியம்மன் கோயிலில் எல்லா வண்டியும் நிற்குமே, அதுபோல இவனும் நிறுத்தி, கும்பிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான்:

“அத்தான், பணகுடி பஸ் இங்க நிக்குமா?”