தண்டையார்பேட்டையிலிருந்து சிலை, ஓவியம் பார்க்க: எழும்பூரா, சோழமண்டலமா?

பிள்ளைகளுக்கு நல்ல சிற்பமும் ஓவியமும் நேரில் காட்ட வேண்டும் என்று இரண்டு இடத்துக்கும் போய்ப் பார்த்தோம். கடைசியில் எழும்பூர் அருங்காட்சியகத்தைத்தான் பிடித்துக்கொண்டோம்.

சோழமண்டலம் சாதாரண இடமில்லை. 1966-இல் கே.சி.எஸ். பணிக்கரும் அவரோடு சேர்ந்த ஓவியர்களும் ஈஞ்சம்பாக்கத்தில் உருவாக்கிய கலைக் கிராமம். மரநிழலில் சிற்பங்கள், உள்ளே மெட்ராஸ் கலை இயக்கத்தின் ஓவியங்கள். நவீன ஓவியம்தான் வேண்டும் என்றால் அங்கேதான் போக வேண்டும். நாங்கள் போனது வாரநாளில். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் எப்படி இருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது.

ஆனால் வடசென்னைக்காரர்களுக்குத் தூரம்தான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. பீச் ஸ்டேஷன் போய், பறக்கும் ரயிலில் திருவான்மியூரில் இறங்கி, மறுபடி ஈசிஆர் பஸ் பிடிக்க வேண்டும். பாதி நாள் வழியிலேயே போய்விடும். இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று எல்லாவற்றையும் அவசரமாகப் பார்ப்போம். அப்புறம் எப்போது வருவோமோ தெரியாது.

எழும்பூர் அப்படியில்லை. தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி சென்ட்ரலில் மாறினால் அடுத்த ஸ்டேஷன். அங்கிருந்து பாந்தியன் சாலைக்கு நடந்தே போய்விடலாம். ஒரு மணி நேரம் கிடைத்தாலும் போதும், ஒரே ஒரு சிலையைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். செப்புத்திருமேனிகளை, அதாவது உலோகத்தில் வார்த்த தெய்வச் சிலைகளை, அப்படித்தான் பார்க்க வேண்டும் என்பேன்.

திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரரை எடுத்துக்கொள்ளுங்கள். சோழர் காலத்துச் சிலை. முதல் தடவை "பாதி ஆண், பாதி பெண்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டோம். அடுத்த முறை போனபோது என் மகள்தான், "அப்பா, மூணு கைதான் இருக்கு!" என்றாள். ஆண் பக்கம் இரண்டு கை, பெண் பக்கம் ஒன்று. பிறகு ஆடையைக் கவனித்தோம்: ஒரு பக்கம் தொடையோடு நிற்கிறது, மறுபக்கம் கணுக்கால் வரை இறங்குகிறது. இடுப்பு வளைவதும் பெண் பக்கம்தான். எதிரெதிரான இத்தனையும் ஒரே உடம்பில் துருத்தலே இல்லாமல் இணைந்திருக்கின்றன. இதெல்லாம் ஒரே நாளில் கண்ணில் படுவதில்லை.

திருவாலங்காட்டு நடராசரும் இங்கேதான். அவரைச் சுற்றித் திருவாசி என்கிற சுடர் வளையம் இல்லை, அதனாலேயே கைகால்களின் வீச்சு தெளிவாகத் தெரிகிறது.

முதல் தடவை போகிறவர்கள் செப்புத்திருமேனிக் கூடத்துக்கு நேராகப் போய்விடுங்கள். ஆந்திராவின் அமராவதியிலிருந்து வந்த சுண்ணாம்புக்கல் சிற்பங்களை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமை விடுமுறை.