பிரெஞ்சு வினைச்சொல்லை எங்கே வெட்டுவது?

'நடந்தான்' என்பதைப் பள்ளியில் இரண்டு விதமாகப் பிரித்திருப்போம். பகுபத இலக்கணத்தில் நட + த்(ந்) + த் + ஆன். யாப்பில் நடந் / தான், நிரை நேர். வெட்டு ஒரே இடத்தில் விழாது. பிரெஞ்சு வினைகளில் இது மூன்று விதமாகிறது.

'முடிக்கிறோம்' என்ற பொருளுள்ள 'ஃபினிசோன்' என்ற சொல்லையே பாருங்கள் (கடைசி 'ன்' வெறும் மூக்கொலி). எழுத்தில் நடுவே இரண்டு 'எஸ்' உண்டு. பகுதி, விகுதி பார்ப்பவர் இரண்டையும் பகுதியோடு சேர்த்து 'ஃபினிஸ்ஸ் + ஓன்' என்பார். அச்சில் வரி முடிவில் உடைக்க நேர்ந்தால் இரண்டு எஸ்ஸுக்கும் நடுவே கோடு விழும். காதுக்குக் கேட்பது ஒரே ஒரு 'ச'தான்: ஃபி-னி-சோன். அச்சு வெட்டு அச்சகத்துக்கு மட்டும் உதவும், அதை விட்டுவிடலாம்.

மற்ற இரண்டில் எது மேல்? பாடப்புத்தகங்கள் பகுதி-விகுதி பக்கம்தான். 'பார்லே' (பேசு) போன்ற வினைகளுக்கு விகுதிகளை ஒருமுறை மனப்பாடம் செய்தால் ஆயிரக்கணக்கான வினைகள் கைக்கு வரும். ஆனால் நான், நீ, அவன், அவர்கள் நால்வருக்கும் காதில் விழுவது ஒரே 'பார்ல்'. விகுதி காகிதத்தில்தான் இருக்கிறது.

அசை கைகொடுப்பது 'வாங்கு' என்ற வினையில். 'வாங்குகிறோம்' என்றால் அஷ்-தோன். 'வாங்குகிறேன்' என்றால் அ-ஷெத். பகுதி முறை இங்கே 'இரண்டு பகுதிகள், மனப்பாடம் செய்' என்று நழுவிவிடும். அசை காரணம் சொல்லும்: விகுதிக்கு ஒலி இல்லாதபோது 'த்' முந்தைய அசையின் கடைசி மெய்யாகி அதை மூடுகிறது, மூடிய அசையில் உள்ள 'e' எழுத்து வாய் திறந்த 'எ' ஆகிறது. அதைத்தான் எழுத்தின் மேல் இடும் அக்ஸான் கிராவ் குறி (è) காட்டுகிறது. 'விட்டுக்கொடு' என்ற வினையின் எதிர்காலம் பேச்சில் ஸெத்-ரா, முதல் அசை மூடியது. எழுத்திலோ பழைய வழக்கப்படி அக்ஸான் எகு என்ற வேறு குறி (é). 1990 எழுத்துச் சீர்திருத்தம் அங்கேயும் கிராவ் போடலாம் என்றது. காதுக்கு எழுத்து இறங்கிவந்த இடம் அது.

சரி, காதை மட்டும் நம்பலாமா? 'நாங்கள் வாங்குகிறோம்' என்று முழுதாகச் சொன்னால் நூ-ஸஷ்-தோன். 'நாங்கள்' என்ற சொல்லின் கடைசி எஸ் வினையின் தலையில் ஏறிக்கொள்கிறது. வினை எங்கே தொடங்குகிறது என்று கேட்டால் அசைக்குப் பதில் தெரியாது. பகுதி தெரிந்தவருக்குத்தான் தெரியும்.