அரை விலைக்கு வந்த வெள்ளைப் பேய்

அக்டோபர் 31 அன்று பிள்ளைகள் பேய் வேடமிட்டு வீடு வீடாக மிட்டாய் வாங்க வரும் விழா ஹாலோவீன். நவம்பர் முதல் தேதி விடிந்ததும் இங்கே நியூ ஜெர்சியில் அதற்கான அலங்காரச் சாமான்களின் விலை பாதியாகிவிடும். இந்த ஆண்டு அன்று காலையில் நண்பர் ஒருவர் கடையிலிருந்தே படம் அனுப்பினார். "உங்கள் வீட்டு வாசலில் நிற்கிறதே, அதே எட்டடிக் காற்றடைக்கும் பேய்ப் பொம்மை. இருபது டாலர்கூட இல்லை. வாங்கிவிடட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்று எழுதிவிட்டேன். நான்கு ஆண்டுகளாக அதை வைத்திருக்கிறேன், இப்போதுதான் பழுதுபார்த்தும் முடித்திருக்கிறேன். அதனால் அந்த ஒற்றைச் சொல்லுக்கு விளக்கம் தர வேண்டியது என் கடமை.

காற்றடைக்கும் பேய் எப்படி இயங்குகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அடியில் ஒரு சிறு மின்விசிறி, உள்ளே எல்இடி விளக்குகள், கட்டுவதற்குக் கயிறு, அடிப்பதற்கு முளை. நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். துணி இன்றுவரை கிழியவில்லை, வெளுக்கவும் இல்லை. பன்னிரண்டு வோல்ட் அடாப்டரில் மாலை சில மணி நேரம்தான் ஓடுகிறது என்பதால் மின்கட்டணத்தில் வித்தியாசமே தெரிவதில்லை. அமெரிக்காவில் 2007 முதல், கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைக்கும் கோடைக்கால நேரம் நவம்பர் முதல் ஞாயிறு வரை நீடிக்கிறது. ஆகவே அக்டோபர் 31 அன்று எங்கள் பகுதியில் சூரியன் மறைய ஏறக்குறைய ஆறு மணி ஆகிவிடும். மழலைகள் வெளிச்சத்திலேயே வந்து மிட்டாய் வாங்கிப் போய்விடுவார்கள். இருட்டிய பிறகு வருகிற பெரிய பிள்ளைகள் தெருமுனையிலேயே இதைப் பார்த்துவிட்டு எங்கள் வாசலுக்கு ஓடி வருவார்கள். இருபது டாலருக்கு அந்த ஓட்டத்தை வேறு எதுவும் தராது.

ஆனால் மழை பெய்தால் இந்தப் பொருளின் மேல் எனக்கு வருகிற கோபத்துக்கு அளவில்லை.

இங்கே வீட்டுக்கு வெளியே உள்ள பிளக் பாயிண்டுகளுக்கு ஜி.எஃப்.சி.ஐ. என்னும் பாதுகாப்பு இருக்கும். ஐந்து மில்லியாம்பியர் அளவுக்கு மின்சாரம் கசிந்தாலே அது இணைப்பைத் துண்டித்துவிடும். உயிர்காக்கும் ஏற்பாடு, அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் எங்களுடையது போன்ற பழைய வீடுகளில் வாசல் பிளக்கும் கராஜ் பிளக்கும் ஒரே பாதுகாப்பின் கீழ் இருப்பதுண்டு. எங்கள் கராஜ் பிளக்கில்தான் ஃப்ரீசர் ஓடுகிறது. இரவு தூறல் விழுந்தது, புல்லில் கிடந்த இணைப்பில் ஈரம் புகுந்தது, பேய் சுருண்டு விழுந்தது. அதோடு ஃப்ரீசரும் நின்றுபோயிருந்தது. மறுநாள் மாலை திறந்து பார்த்தபோது தேங்காய்த் துருவல், முருங்கைக்காய், மீன் எல்லாம் நீராகக் கசிந்துகொண்டிருந்தன. அலங்காரத்தில் மிச்சம் பிடித்த பணம் மீனோடு குப்பைக்குப் போனது.

பொம்மையைச் செய்தவர்கள்மேல் முழுப் பழியையும் போடுவது நியாயமல்ல. என்றாலும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். அவர்கள் தரும் வயரின் நீளம் மிகக் குறைவு. எக்ஸ்டென்ஷன் வயரோடு சேரும் இணைப்பு சரியாக ஈரப் புல்லின் மேல்தான் வந்து விழுகிறது. ஒன்றிரண்டு அடி கூடுதலாகக் கொடுத்திருந்தால் அந்த இணைப்பைத் திண்ணைப்பக்கம் கொண்டுவந்திருக்கலாம். இப்போது வெளிப்புறப் பயன்பாட்டுக்கான எக்ஸ்டென்ஷன் வயரையே போட்டிருக்கிறேன். இணைப்பை ஒரு மழைத்தடுப்புப் பெட்டிக்குள் வைத்து, தரையில் படாமல் செங்கல் மேல் ஏற்றியிருக்கிறேன். வயர் பெட்டிக்குள் நுழைவதற்கு முன் சற்றுக் கீழே தொங்கி மேலேறுகிறது. வழிந்து வரும் நீர் அந்தத் தாழ்ந்த இடத்திலேயே சொட்டிவிடும். சாரலுக்கு இது தாங்குகிறது. கொட்டும் மழைக்கு நான் உத்தரவாதம் தர மாட்டேன், பேயின் சுவிட்சை அணைத்துவிடுவதே நல்லது.

இந்த ஆண்டு வந்த பழுது வேறு. அக்டோபர் நடுவில் பேய் எழவே இல்லை. பலர் விசிறி போய்விட்டது என்று முடிவுகட்டிப் பொம்மையையே தூக்கி எறிகிறார்கள், அவசரப்படாதீர்கள். காற்று இழுக்கும் வாயில் சருகு அடைத்திருக்கிறதா, காற்றை வெளியேற்றும் ஜிப் திறந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் கருவியால் அடாப்டரைச் சோதியுங்கள். எங்களுடையதில் செத்திருந்தது அடாப்டர்தான். அதே வோல்ட், அதே ஆம்பியர் அல்லது அதைவிடக் கூடுதல், முனையின் வடிவமும் மின்துருவமும் பொருந்துவது என்று பார்த்து வாங்கினால் போதும். மாற்றியதும் பேய் பழையபடி நிமிர்ந்து நின்றது.

இத்தனைக்குப் பிறகும் ஏன் வேண்டாம் என்கிறேன்? அதே பணத்துக்கு வீட்டுக்குள் ஒரு பேய்க் குடும்பத்தையே நிறுத்த முடியும் என்பதால். பனீர் வடிகட்டும் மெல்லிய பருத்தித் துணி, அரிசிக் கஞ்சி, பலூன், பழைய பாட்டில் இவ்வளவுதான் தேவை. பாட்டில் வாயில் பலூனை உட்காரவைத்து, கெட்டியான கஞ்சியில் முக்கிப் பிழிந்த துணியை அதன்மேல் போர்த்தி, ஓரங்களை விரித்துவிட்டு ஓர் இரவு காயவிடுங்கள். காலையில் பலூனை உடைத்துப் பாட்டிலை எடுத்துவிட்டால், கஞ்சி போட்ட வேட்டியைப் போல் விறைப்பாகத் தானே நிற்கும். கறுப்புக் காகிதத்தில் இரண்டு கண் ஒட்டினால் வேலை முடிந்தது. எங்கள் மகள் செய்தவற்றின் முகச்சாயல் ஒவ்வொன்றிலும் வேறு வேறு. கடையில் வாங்கியதில் அந்த உயிர் இல்லை.

அடியில் வைக்கும் விளக்கு பேட்டரியில் எரிவதாகவே இருக்கட்டும், மெழுகுவர்த்தி கூடவே கூடாது. பொத்தான் பேட்டரிகளைக் குழந்தைகள் விழுங்கும் ஆபத்தைத் தடுக்க 2022இல் அமெரிக்காவில் ரீஸ் சட்டம் வந்தது. அதற்கு முன் வாங்கிய மலிவு விளக்குகளில் மூடி நகத்தாலேயே திறந்துகொள்ளும், அவற்றைப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் வைக்காதீர்கள். பஞ்சு போன்ற செயற்கைச் சிலந்தி வலையையும் வெளியே செடிகளில் போடாதீர்கள். அதில் சிறு பறவைகள் சிக்கிக்கொள்கின்றன.

கஞ்சித் துணியைப் பத்திரப்படுத்துவதுதான் கொஞ்சம் சிரமம். ஈரப்பதம் பட்டால் தொய்ந்துவிடும், பூச்சியும் வரும். பூச்சி வராமல் இருக்கப் புத்தகம் கட்டுகிறவர்கள் பசையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலப்பார்கள், அது நஞ்சு, வீட்டில் வேண்டாம். ஹாலோவீன் முடிந்ததும் வெந்நீரில் அலசிக் காயவைத்து மடித்துவிடுங்கள். அடுத்த அக்டோபரில் புதுக் கஞ்சி காய்ச்சிக்கொள்ளலாம்.