இருபத்திரண்டு வருஷமாக ஒரு பாக்கெட் ரேடியோவும் ரெட் சாக்ஸும்

போன வாரம் நண்பர் ஒருவர் பழைய சாமான் விற்கும் தளத்திலிருந்து ஒரு லிங்க் அனுப்பினார். பாஸ்டனின் பேஸ்பால் அணியான ரெட் சாக்ஸின் ஆட்டங்களைக் கேட்க நான் வைத்திருக்கும் அதே பாக்கெட் ரேடியோ. 25 டாலர் சொன்னவர் 12 டாலருக்கு இறங்கியிருந்தார். "மேட்ச் கேட்க நல்லா இருக்குமா, வாங்கலாமா?" என்று கேட்டிருந்தார். அப்போதுதான் நான் என்னுடையதைக் கழற்றி மேஜையில் பரப்பி வைத்திருந்தேன். அந்த எரிச்சலோடு எழுதுகிறேன், கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம்.

ஏஎம், எஃப்எம் இரண்டும் எடுக்கும், இரண்டு பென்சில் செல் போதும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததே. நான் சொல்ல வந்தது வால்யூம் சக்கரத்தைப் பற்றி. ஓரத்தில் பாதி வெளியே தெரியும் சின்னச் சக்கரம். வாங்கிய முதல் வருஷமே கரகரக்க ஆரம்பித்தது. சத்தம் அதிகமாக வைத்தால் ஒன்றும் ஆகாது. குறைத்து வைத்தால்தான் கரகரப்பு, சில சமயம் சத்தமே நின்றுபோகும். ராத்திரி வீட்டில் எல்லோரும் தூங்கும்போது கேட்கிறவன் எப்போதும் ஒரே இடத்தில்தான் வைப்பான். உள்ளே அந்த இடம்தான் தேய்ந்துபோகிறது.

2004 அக்டோபர் 17, ஞாயிறு. ரெட் சாக்ஸ் தன் பரம எதிரியான நியூயார்க் யாங்கீஸிடம் தொடரின் மூன்று ஆட்டம் தோற்றாயிற்று, இதையும் தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஒரு வயது மகள் என் இடது கையில் தலைவைத்துத் தூங்குகிறாள். கையை அசைத்தால் விழித்துவிடுவாள். டிவி போட வழியில்லை. ரேடியோ தலையணைக்கு அடியில், 850 ஏஎம், ரெட் சாக்ஸ் வர்ணனையாளர் ஜோ காஸ்டிக்லியோனின் குரல். ஒன்பதாவது, அதாவது கடைசி இன்னிங்ஸ், 4-3 என்று பின்தங்கியிருக்கிறோம், பந்து வீசுவது யாங்கீஸின் மரியானோ ரிவேரா. எங்கள் மில்லார் வாக் வாங்கினார், அதாவது நான்கு பந்து தப்பாக வந்ததால் சும்மாவே முதல் பேஸுக்குப் போனார். அவருக்குப் பதில் ஓட டேவ் ராபர்ட்ஸ் வருகிறார். ஸ்டீல் பண்ணத்தான், அதாவது பந்து வீசும்போதே அடுத்த பேஸுக்கு ஓடித் திருடத்தான் வருகிறார் என்று மைதானத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும்.

ராபர்ட்ஸை அங்கேயே அவுட்டாக்கப் பார்த்து ரிவேரா முதல் பேஸுக்கு ஒரு தடவை எறிந்தார். இரண்டாவது தடவை எறிந்தார். அதோடு ரேடியோ நின்றது.

வலது கை விரலால் சக்கரத்தை மேலும் கீழும் உருட்டினேன். கர்ர், கர்ர். மறுபடி சத்தம் வந்தபோது எங்கள் மைதானமான ஃபென்வே பார்க் முழுக்கக் கத்திக்கொண்டிருந்தது. எதற்குக் கத்துகிறார்கள் என்று தெரியவில்லை. அவுட்டானாலும் ஊளையிடுவார்கள் அல்லவா? பில் மியூலர் அடித்து ராபர்ட்ஸ் ஹோமுக்கு வந்து 4-4 ஆன பிறகுதான் முழுக்கப் புரிந்தது. பன்னிரண்டாவது இன்னிங்ஸில் எங்கள் ஆர்டிஸ் ஹோம் ரன் அடித்து ஜெயிக்க வைத்தபோது மணி 1:22. அதைத் தெளிவாகக் கேட்டேன். ஆனால் பேஸ்பால் வரலாற்றில் ரொம்பப் பேசப்படும் ஸ்டீலை நேரலையில் நான் கேட்கவில்லை. பிறகு வீடியோவில் நூறு தடவை பார்த்திருப்பேன். அது வேறு கணக்கு. (ரிவேரா எறிந்தது மொத்தம் மூன்று தடவை. 2023இல் வந்த விதிப்படி மூன்றாவது தடவை எறிந்தும் அவுட் எடுக்காவிட்டால் அது பால்க் என்னும் தவறு, ரன்னர் இரண்டாவது பேஸுக்குச் சும்மா நடந்து போகலாம். அந்த ஸ்டீலே நடந்திருக்காது.)

நியாயமாகவும் பேச வேண்டும். யாங்கீஸை வென்றுவிட்டோம். பத்து நாள் கழித்து, அக்டோபர் 27, செயின்ட் லூயிஸில் சாம்பியனை முடிவு செய்யும் உலகத் தொடரின் கடைசி ஆட்டம். ரேடியோவை ஜன்னல் திட்டில் வைத்திருந்தேன். வெளியே கிரகணம் பிடித்த நிலா, செங்கல் நிறத்தில். எதிரணியின் ரென்டேரியா அடித்தது நேரே எங்கள் பந்துவீச்சாளர் ஃபோக்கிடம் உருண்டு போனது, அவர் முதல் பேஸுக்குத் தட்டிவிட்டார், கோப்பைக்கான 86 வருஷக் காத்திருப்பு முடிந்தது. 'நம்ப முடிகிறதா!' என்று காஸ்டிக்லியோன் கத்தினார். ஒரு சின்னக் கரகரப்புகூட இல்லை. நான் இந்த ஊருக்கு வந்ததே 1986இல். வந்த கொஞ்ச நாளில், உலகத் தொடரில் எங்கள் பக்னரின் காலுக்கு நடுவே பந்து போய் ஆட்டம் கைநழுவியதை விடுதி டிவியில் பார்த்தவன். அந்த ஒரு ராத்திரிக்காக இந்த ரேடியோவுக்கு நிறைய மன்னித்திருக்கிறேன்.

இன்னொரு நல்ல விஷயம், ரேடியோவில் ஆட்டம் டிவியை முந்திக்கொண்டு வரும். 2013இல் டெட்ராய்ட்டுக்கு எதிராக ஆர்டிஸ் முதல் பந்திலேயே கிராண்ட் ஸ்லாம் (ஒரே அடியில் நான்கு ரன்) அடித்து 5-5 ஆக்கினாரே, அதைப் பிடிக்கப் போன டெட்ராய்ட்டின் டோரி ஹண்டர் சுவருக்கு மேல் தலைகீழாகப் புல்பென்னுக்குள் (பந்துவீச்சாளர்கள் தயாராகும் இடம்) விழுந்தாரே, அன்றைக்கு நான் சமையலறையில் எஃப்எம்மில் கேட்டுக்கொண்டிருந்தேன். மகள் ஹாலில் டிவி பார்க்கிறாள். நான் "ஐயோ!" என்று கத்தி முடித்த பிறகுதான் அவளுடைய ஆர்டிஸ் மட்டையைச் சுழற்றினார். "அப்பா, இனிமே நீங்க வீட்டுக்குள்ள ரேடியோ கேக்கக் கூடாது" என்றாள். போனில் ஸ்ட்ரீமிங் பார்க்கிறவர்கள் இன்னும் பின்னால். ஏஎம்மில் இன்னொரு வேடிக்கை, மின்னல் வெட்டினால் 'டிக்' என்று கேட்கும். மழை வீட்டுக்கு வருவதற்குள் நமக்குத் தெரிந்துவிடும்.

இவ்வளவு சொல்லிவிட்டுப் போன வாரக் கதைக்கு வருகிறேன். நான்கு திருகைக் கழற்றி, எலக்ட்ரானிக்ஸ் சுத்தம் செய்யும் ஸ்பிரேயைச் சக்கரத்துக்குள் அடித்து, ஐம்பது தடவை உருட்டினேன். அழுக்கு கறுப்பாக வழிந்தது. கரகரப்பு சுத்தமாகப் போய்விட்டது. ஆனால் உள்ளே இருந்த கிரீஸும் சேர்ந்து போயிருக்கிறது. இப்போது சக்கரம் வெண்ணெய் மாதிரி சுற்றுகிறது. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தால் துணி உரசியே சத்தம் ஏறுகிறது, இறங்குகிறது. நேற்று புல் வெட்டிக்கொண்டிருந்தபோது ஏழாவது இன்னிங்ஸ் முழுக்கக் காணாமல் போனது. காஸ்டிக்லியோனும் 2024 சீசனோடு ஓய்வு பெற்றுவிட்டார். யாருக்காக இந்தப் பாடு என்றும் தோன்றுகிறது.

ஆகவே நண்பருக்கு என் பதில்: வாங்காதீர்கள். இத்தனை வருஷத்தில் ஒரு சக்கரத்தைச் சரியாகச் செய்யத் தெரியாதவர்கள் செய்த பொருள்.

தவிர, அந்த 12 டாலர் ரேடியோ இப்போது அங்கே இருக்காது. சக்கரத்துக்காக நேற்று ராத்திரியே நான் வாங்கிவிட்டேன்.