5.3 லிட்டர் வி8 பிக்கப்புக்கு எந்தப் புகைக்குழாய்: ஒற்றை 2.5 அங்குலமா, ஒற்றை 3 அங்குலமா, இரட்டை 2.5 அங்குலமா?

அமெரிக்காவில் பிக்கப் டிரக் வாங்கியவர்கள் முதலில் கைவைக்கும் இடங்களில் ஒன்று சைலன்சர். மாற்றியவர்களில் ஒரு சாரார் வண்டி பறக்கிறது என்பார்கள். மற்றொரு சாரார், டிரெய்லரை மாட்டிக்கொண்டு சிக்னலிலிருந்து கிளம்பும்போது முன்பிருந்த இழுவை இல்லை என்று குறைப்படுவார்கள். அந்தக் குறைக்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில், "எஞ்சினுக்குக் கொஞ்சம் எதிரழுத்தம் வேண்டும்; பெரிய குழாய் போட்டால் அது போய்விடும்" என்பது. எதிரழுத்தம் என்றால், வெளியேறும் புகையைக் குழாய் தடுப்பதால் பின்னோக்கி எழும் அழுத்தம். அந்தப் பதில் தவறானது. ஆனால் குறை சொன்னவரின் அனுபவத்தை முழுதாகத் தள்ளிவிடவும் முடியாது. இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரே எஞ்சினை எடுத்துக்கொள்வது நல்லது. 2000களின் தொடக்கத்தில் செவ்ரோலே சில்வராடோ 1500 வண்டியில் வந்த 5.3 லிட்டர் பெட்ரோல் வி8, அதாவது பக்கத்துக்கு நான்காக எட்டு சிலிண்டர் கொண்ட எஞ்சின், அதற்குப் பொருத்தமானது. டர்போ இல்லாத அந்த எஞ்சின், ஆண்டைப் பொறுத்து 285 முதல் 295 குதிரைத்திறன் வரை நிமிடத்துக்கு 5200 சுற்றில் தருகிறது. அதன் உச்ச முறுக்குவிசை 4000 சுற்றில் கிடைக்கிறது.

முதலில் குழாய்க்குள் எவ்வளவு புகை ஓடுகிறது என்று கணக்கிட வேண்டும். நான்கு வீச்சு (ஃபோர் ஸ்ட்ரோக்) எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை தன் கொள்ளளவுக்குக் காற்றை இழுக்கும். 1500 சுற்றில், சிலிண்டர்கள் 80 விழுக்காடு நிரம்புவதாக வைத்துக்கொண்டால், நிமிடத்துக்கு ஏறத்தாழ 3200 லிட்டர் காற்று உள்ளே போகிறது. அது எரிந்து 600 டிகிரி செல்சியஸ் சூட்டில் வெளியேறும்போது கிட்டத்தட்ட மூன்று மடங்காக விரிந்திருக்கும். அந்தப் புகை முழுவதும் ஒரு 2.5 அங்குலக் குழாய் வழியாகப் போனால் அதன் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 55 மீட்டர். 3 அங்குலக் குழாயில் 37 மீட்டர். 5200 சுற்றில் இதே கணக்கைப் போட்டால் முறையே ஏறத்தாழ 190 மீட்டரும் 128 மீட்டரும் வருகின்றன. குழாயின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும் என்பதால், 1500 சுற்றில் இருக்கும் தடையைப் போலப் பன்னிரண்டு மடங்கு தடை 5200 சுற்றில் உருவாகிறது.

இந்த எண்கள் சொல்வது தெளிவானது. கிளம்பும் வேளையில் சின்னக் குழாய்கூட எஞ்சினின் மூச்சை முட்டச் செய்வதில்லை. ஆகவே அங்கே பெரிய குழாய் கொடுப்பதற்கு எதுவும் இல்லை. மேல் சுற்றில்தான் 3 அங்குலக் குழாய் தன் வேலையைக் காட்டும், ஏனெனில் ஒரே அளவு புகைக்கு அதன் நேரான பகுதியின் உராய்வுத் தடை 2.5 அங்குலக் குழாயின் தடையில் பாதிக்கும் கீழே இருக்கும். அப்படியானால் கீழ்ச் சுற்றில் இழுவை குறைந்ததாகச் சிலர் உணர்வது ஏன்? எக்ஸாஸ்ட் வால்வு திறந்ததும் புகை ஒரு வீச்சாகப் பாய்கிறது. அதன் பின்னால் அழுத்தம் தாழ்ந்த ஒரு பகுதி உருவாகிறது. இன்டேக் வால்வும் எக்ஸாஸ்ட் வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் அந்தச் சிறு இடைவெளியில் இந்தத் தாழ்வழுத்தம் வால்வு வாயில் நின்றால், மீந்த புகையை வெளியே இழுத்து, புதுக் காற்று உள்ளே வர இடம் செய்யும். வீச்சு வேகமாக ஓடினால் இந்த இழுப்பு வலுவாக இருக்கும். அகலமான குழாயில் வேகம் தளர்வதால் இழுப்பும் தளர்கிறது. எஞ்சினுக்குத் தேவைப்பட்டது எப்போதும் இந்த வேகம்தான். எதிரழுத்தம் அதற்கு எந்த நிலையிலும் இடைஞ்சலே.

இந்த இழுப்பு பெரும்பகுதி நடப்பது சிலிண்டர் தலையிலிருந்து, புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வரையுள்ள பகுதியில். அதைத் தாண்டியபின் வீச்சுகள் கலைந்து, ஏறத்தாழ ஒரே சீரான ஓட்டமாகிவிடுகின்றன. எனவே கன்வெர்ட்டருக்குப் பின்னுள்ள குழாயை 2.5 அங்குலத்திலிருந்து 3 அங்குலமாக்குவதால் கீழ்ச் சுற்றில் ஏற்படும் இழப்பு சிறியது. வால்வுகளைத் திறந்து மூடும் கம்பெனி கேம்ஷாஃப்டில் இரு வால்வுகளும் சேர்ந்து திறந்திருக்கும் நேரமே குறைவு என்பதால் அது இன்னும் சிறிதாகிறது. சிலிண்டர் தலையில் பொருந்தும் குழாய்த் தொகுதியான ஹெடரில் கதை வேறு. அங்கே ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் குழாய் இருப்பதால் கால் அங்குல வேறுபாடுகூட உணரத்தக்கது. பாரம் இழுக்கும் வண்டிக்கு 1⅝ அங்குல விட்டமுள்ள நீண்ட ஹெடர் குழாய்களையே நான் தேர்ந்தெடுப்பேன். 1⅞ அங்குலக் குழாய்கள் பந்தய எஞ்சினுக்கு உரியவை.

இப்போது இரட்டைக் குழாய்க்கு வருவோம், ஏனெனில் பலர் ஏமாறும் இடம் இதுதான். இரண்டு 2.5 அங்குலக் குழாய்களின் மொத்தப் பரப்பு ஒரு 3 அங்குலக் குழாயைவிடக் கிட்டத்தட்ட 40 விழுக்காடு அதிகம். ஆகவே புகையின் வேகம் மூன்று தேர்வுகளிலும் இதில்தான் மிகவும் குறைகிறது. அதோடு இந்த எஞ்சினின் சிலிண்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக எரியும் வரிசை 1-8-7-2-6-5-4-3. ஒற்றைப்படை சிலிண்டர்கள் ஒரு பக்கமும் இரட்டைப்படை சிலிண்டர்கள் மறுபக்கமும் இருப்பதால், 2ம் 6ம் வலப்பக்கத்தில் அடுத்தடுத்து வெடிக்கின்றன; வரிசை முடிந்து மீண்டும் தொடங்கும்போது 3ம் 1ம் இடப்பக்கத்தில் அடுத்தடுத்து வருகின்றன. இரு பக்கக் குழாய்களும் கடைசிவரை தனித்தனியே ஓடினால், ஒரு வீச்சு போய்த் தீருமுன் அதே குழாயில் இன்னொரு வீச்சு வந்து மோதும். பிறகு ஒரு நீண்ட இடைவெளி விழும். அமெரிக்க வி8க்கே உரிய அந்தக் குமுறும் ஒலி இந்தச் சீரின்மையின் ஒலிதான். காதுக்கு அது இனிமை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் இழுவைக்கு வேண்டியது சீரான வரிசை. ஒய் வடிவ இணைப்பில் இரு பக்கமும் கூடி ஒரே 3 அங்குலக் குழாயில் போகும்போது எஞ்சின் தண்டு 90 பாகை திரும்பும்தோறும் ஒரு வீச்சு என்ற ஒழுங்கு தானாகவே வந்துவிடுகிறது. இரட்டைக் குழாய்தான் வேண்டும் என்பவர், எக்ஸ் அல்லது எச் வடிவ இணைப்பு ஒன்றைக் கட்டாயம் வைக்க வேண்டும்.

ஆகவே இந்த எஞ்சினுக்கு என் தேர்வு ஒற்றை 3 அங்குலம். எஞ்சினில் வேறு எதையும் தொடாமல், 3000 சுற்றைத் தாண்டாமல் பாரம் இழுத்தே பழகியவருக்கு ஒற்றை 2.5 அங்குலம் எந்தக் குறையும் வைக்காது. அவர் மாற்றாமலே இருக்கலாம். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். வண்டிக்கு அடியில் படுத்து, பின் அச்சுக்கு மேலே குழாய் வளைந்து ஏறும் இடத்தைக் கையால் தடவிப் பாருங்கள். சாதாரண வளைப்பு எந்திரத்தில் வளைத்த குழாயாக இருந்தால் உள்வளைவில் மடிப்பு மடிப்பாகச் சுருக்கம் விழுந்து, வட்டம் நசுங்கி முட்டை வடிவமாகியிருக்கும். பெயருக்கு 2.5 அங்குலக் குழாய் என்றாலும் அந்த இடத்தில் வழி அதைவிடக் குறுகியிருக்கும். உள்ளே அச்சு கொடுத்து வளைக்கும் மாண்ட்ரல் முறையில் செய்த 2.5 அங்குலக் குழாய், நசுங்கி வளைந்த பெரிய குழாய்க்கு ஈடு கொடுக்கும்.

டர்போ டீசலுக்கு மேலே சொன்னது எதுவும் பொருந்தாது. அங்கே புகை சுழற்றும் சக்கரமான டர்பைனுக்குப் பின்னால் அழுத்தம் எவ்வளவு தாழ்கிறதோ அவ்வளவுக்கு டர்போ சீக்கிரம் சுழன்றெழும். எனவே பெரிய குழாய் கீழ்ச் சுற்றுக்கும் நல்லதே. டாட்ஜ் ராமின் கம்மின்ஸ் எஞ்சினுக்கு 4 அங்குலக் குழாய் போடுபவர்கள் செய்வது சரி. 5 அங்குலம் கம்பெனி நிலையிலுள்ள எஞ்சினுக்குத் தோற்றத்துக்கும் ஒலிக்கும் மட்டுமே. நம்மூர் லாரிகளும் டர்போ டீசல்தான் என்பதால், பெட்ரோல் வி8க்கான அறிவுரையை அவற்றுக்கு அப்படியே பொருத்த முடியாது. தவிர, பிஎஸ்6 வண்டியில் புகைக்குழாயும் புகை சுத்திகரிப்பும் பிரிக்க முடியாதபடி பிணைந்திருப்பதால் அதைத் தொடாமல் விடுவதே முறை.

கிளம்பும் இழுவைதான் உண்மையான குறை என்றால், பின் அச்சிலுள்ள பல்சக்கர இணையான கிரவுன் பினியனைப் பாருங்கள் என்றே சொல்வேன். சில்வராடோவில் 3.42, 3.73, 4.10 ஆகிய விகிதங்கள் கிடைத்தன. 3.42ஐ எடுத்துவிட்டு 4.10 போட்டால் எல்லாக் கியரிலும் சக்கரத்துக்குப் போகும் விசை 20 விழுக்காடு கூடுகிறது. எந்தப் புகைக்குழாயும் 1500 சுற்றில் இதன் அருகில்கூட வராது. 31 அங்குல டயரைக் கழற்றி 33 அங்குல டயர் மாட்டியவர், ஆறு விழுக்காடு இழுவையை ஏற்கெனவே அங்கே விட்டிருக்கிறார். பழியைச் சைலன்சர் சுமக்கிறது.

இதையெல்லாம் படித்தபின்னும் குழாயை மாற்றத் தோன்றினால், அதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். கன்வெர்ட்டருக்கு முன்னுள்ள ஆக்ஸிஜன் சென்சாரைக் கழற்றி, அந்தத் துளையில் ஓர் அழுத்தமானியைப் பொருத்தி, உதவிக்கு ஒருவரை வைத்துக்கொண்டு, காலியான சாலையில் முழு ஆக்ஸிலரேட்டரில் ஓட்டுங்கள். 1500 சுற்றில் முள் அசைவது கண்ணுக்குத் தெரிந்தாலே பெரிது. 5000 சுற்றில் அது எங்கே போய் நிற்கிறது என்பதைக் குறித்துக்கொண்டு, பிறகு குழாய்க் கடைக்குப் போங்கள்.